கண்ணாடிப் பெட்டி வேண்டாம்!

2019-ல் தனி மாவட்டம் ஆனது கள்ளக்குறிச்சி. நமக்கென்று ஒரு நல்ல அருங்காட்சியகம் வேண்டாமா? வேண்டும். எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி.

ஜெய்ப்பூரைப் பாருங்கள். 1727-ல் நகரை ஒன்பது சதுரமாக வகுத்தார்கள். ஒரு மூலையில் மலை குறுக்கிட்டது. மலையை உடைக்கவில்லை, சதுரத்தையே நகர்த்திவிட்டார்கள்! அதை நினைவூட்டத்தான் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா, ஜவகர் கலா கேந்திராவில் ஒன்பது சதுரத்தில் ஒன்றைத் திருப்பி வைத்தார். அதுவே வாசல்! 2023-ல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போல நிற்கிறது.

கச்சிராயபாளையத்துக்காரனுக்குக் கல்வராயன் மலை இருக்கிறது. கோமுகி அணை இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து கண்ணாடிப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டால் எப்படி? சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியுமா? கரண்டு பில்லை யார் கட்டுவது?

முதலில் மலைமக்களைக் கேளுங்கள். பிறகு பேப்பரில் கோடு போடுங்கள்!