கடைக்கு அடுத்த உரிமையாளர் யார்?

எமது கிளைகளுக்கு வரும் துயரங்களுள் ஒன்று பெரும்பாலும் ஒரே வடிவில் வருகிறது. கணவர் மறைந்து இரண்டு வாரம்கூட ஆகியிராத நிலையில், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் மனைவி வந்து நிற்பார். உள்ளே இறப்புச் சான்றிதழும், கணவர் கையொப்பமிட்டு வைத்துவிட்டுப் போன சில காசோலைகளும் இருக்கும். “சரக்குக்காரருக்கு மாசக் கடைசியில பணம் தரணும், இதைப் போடலாமா?” என்று கேட்பார். இயலாது என்று சொல்ல வேண்டிய கடமை எமக்கு. இறந்தவரின் காசோலைக்கு வங்கி பணம் தர முடியாது. “கணக்கில் நாமினி நான்தானே?” என்பது அடுத்த கேள்வி. அதற்கு உரிய விடை அவரை மேலும் கலங்கச் செய்யும்.

மாட்டுங்காவிலோ சிக்பேட்டையிலோ திருநெல்வேலியிலோ, சிறு வணிகர்களில் பெரும்பாலோர் நடத்துவது தனி உரிமையாளர் நிறுவனம். பெயர்ப்பலகையில் அம்மனின் பெயரோ பாட்டனாரின் பெயரோ இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அந்தக் கடைக்கெனத் தனி உயிர் இல்லை. உரிமையாளர் போனால் சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் யாவும் அவருடைய சொத்துக் கணக்கில் கலந்துவிடும். கடையைத் தொடர்ந்து நடத்துபவர் ஜிஎஸ்டி பதிவைத் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். பயன்படுத்தாத உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தின் வழியே தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும். கடனைப் பொறுத்தவரை, வாரிசுகள் தாம் பெற்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவர். ரொக்கக் கடன் கணக்குக்கு மனைவி ஜாமீன் கையொப்பம் இட்டிருந்தால் கதை வேறு. அப்போது அவருடைய சொந்தச் சேமிப்பும் கணக்கில் வந்துவிடும். ஜாமீன் பத்திரத்தைப் படிக்காமல் கையொப்பமிட்ட மனைவியர் எத்தனை பேர் என்பதை எமது கடன் பிரிவினர் நன்கு அறிவர்.

இனி, நாமினி. 1983ஆம் ஆண்டு சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டுத் தொகையைப் பற்றியும், 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் நிறுவனப் பங்குகளைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் உரைத்தது ஒன்றே: நியமனம் என்பது வாரிசுரிமைக்கு மாற்று அன்று. வங்கி வைப்புக்கும் இதுவே நெறி. நாமினியின் கையில் பணத்தைத் தந்ததும் வங்கியின் பொறுப்பு தீர்கிறது. அந்தப் பணம் யாருக்குரியது என்ற கேள்வி தீர்வதில்லை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம், விழுக்காட்டையும் குறிப்பிடலாம் என்ற வசதி வந்திருக்கிறது. நல்ல வசதி. ஆனால் 4 பெயர் எழுதிவிட்டதாலேயே சொத்தைப் பங்கிட்டுவிட்டதாக எண்ணும் வாடிக்கையாளர்களைக் காண்கையில் எமக்கு அச்சமே மிகுகிறது.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோருடன் தாய்க்கும் சம பங்கு உண்டு. தந்தைக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. இதைச் சொல்லும்போது வியக்காதவர் அரிது. ஒரு மனைவி, இரு பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் தாய் என்றால் கடை நான்காகப் பிரியும். பின்னர் அந்தத் தாய் மறைந்தால் அவருடைய கால் பங்கில் இறந்தவரின் உடன்பிறந்தோரும் உரிமை கோரலாம். பகை ஏதுமில்லாத குடும்பத்திலும், ஆளுக்கொரு கையொப்பம் வாங்கி முடிப்பதற்குள் கடையின் வாடிக்கை கலைந்துபோகும்.

இதைத் தவிர்க்கும் தாளுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், கட்டாயப் பதிவும் வேண்டாம். எழுதுபவர் தெளிந்த மனத்துடன் கையொப்பமிட வேண்டும். அதைக் கண்டோ, அவர் வாயால் கேட்டோ குறைந்தது 2 சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் உயிலைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. தம்மைவிட இளையவர்களாகவும், உயிலால் பயன்பெறாதவர்களாகவும் பார்த்து அமர்த்துவது நலம். நிறைவேற்றுநர் ஒருவரின் பெயரையும் எழுதிவிட வேண்டும். புரொபேட் பெறும் தகுதி அவருக்கே உண்டு, அவர் இல்லையேல் நிருவாக உரிமை ஆணையைத்தான் நாட வேண்டியிருக்கும். (இஸ்லாமியர், வாரிசுகளின் இசைவின்றி உயிலால் வழங்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்பதை நினைவிற் கொள்க.)

சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களைச் சார்ந்த இந்து உயில்களுக்கு நெடுங்காலம் புரொபேட் கட்டாயமாக இருந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவு விதித்த அந்தக் கட்டாயத்தை 2025 இறுதியில் நாடாளுமன்றம் நீக்கியது. இதை வரவேற்கிறோம், ஒரே நாட்டில் ஊரையும் சமயத்தையும் பார்த்து மாறும் விதிக்கு நியாயம் கற்பிப்பது கடினம். எனினும் உயிலை ஒருவர் மறுத்தால் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத்தான் வேண்டும். சச்சரவு வரக்கூடிய குடும்பங்களுக்கு விருப்பப் புரொபேட் இன்னும் பயனுள்ளதே.

உயிலின் உள்ளடக்கத்தில் எமது கருத்து ஒன்றுண்டு. பலருக்கு அது கசக்கலாம். கடையை எல்லாருக்கும் சமமாக எழுதாதீர்கள். கல்லாவில் அமரப்போகும் ஒருவருக்குக் கடையையும் அதன் கடனையும் சேர்த்து எழுதுங்கள். வீடு, வைப்புத்தொகை, நகை ஆகியவற்றால் மற்றவர்களை ஈடுசெய்யுங்கள். ஈடுசெய்யப் போதவில்லையெனில், கடையை ஏற்பவர் இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தொகை தரவேண்டும் என்று எழுதுங்கள்.

அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்தும் கடைக்கும் அபாயம் உண்டு. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையேல் ஒருவரின் மரணத்தோடு கூட்டாண்மை கலையும். பங்குதாரர் இருவரே எனில், ஒப்பந்தம் இருந்தும் பயனில்லை. ஒருவர் மட்டும் கூட்டாண்மை ஆக முடியாது. வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை இதற்கு விலக்கு. பங்குதாரர் மாறினும் அது நிலைக்கும்.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் தந்த ஒருநபர் நிறுவனமோ, பதிவு செய்யும் அன்றே “உமக்குப் பின் யார்?” என்று கேட்டு, அவருடைய எழுத்துவழி இசைவையும் பெற்றுக்கொள்கிறது. தனி உரிமையாளரிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. நடப்புக் கணக்குத் தொடங்கும் அன்று பான் எண்ணையும் ஜிஎஸ்டி சான்றையும் உரிமத்தையும் கேட்கும் வங்கிகள், உயில் உண்டா என்று கேட்பதை அபசகுனம் எனக் கருதித் தயங்குகின்றன. இந்தத் தயக்கம் தவறு. உயில் எழுதப்பட்டிருக்கிறதா, அது எங்கே இருக்கிறது என்று கேட்கும் ஒரு வரியைக் கணக்குத் தொடங்கும் படிவத்திலும், ஆண்டுதோறும் ரொக்கக் கடனைப் புதுப்பிக்கும் படிவத்திலும் சேர்க்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. விடை சொல்வது வாடிக்கையாளரின் விருப்பம். கேட்பது எமது வேலை.