கணினி வந்தது, கணித ஆசிரியர் எங்கே?

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளிலே கணினிக் கூடத் திறப்பு விழாக்களுக்கு இக்காலத்திற் குறைவில்லை. மாலை, மேளம், பொன்னாடை, நாடா வெட்டுதல், புகைப்படம் என யாவும் முறைப்படி நடந்தேறுகின்றன. நாளைய உலகம் கணினியின் உலகம் என்று மேடையிலே முழங்கப்படுகிறது. விழா முடிந்து வாகனங்கள் மலையிறங்கிய பின்னர், எத்தனையோ இடங்களில் அக்கூடத்தின் திறவுகோல் அதிபரின் மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடுகிறது. ஏளனஞ் செய்யும் நோக்கத்தோடு நாம் இதை எழுதவில்லை. கணினிகள் கிடைப்பது நல்லதே. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவும் நாம் தயங்கோம். ஆயினும், கணினி விஞ்ஞானத்திலே ஒரு பிள்ளை பட்டம் பெறுவதற்கு வேண்டியவை யாவை என்ற கேள்வியை அந்த மேடைகளில் எவரும் எழுப்பியதாக நாம் அறியோம். கண்டிப் பகுதித் தமிழ்ப் பெற்றோரின் சார்பில் அக்கேள்வியை இன்று நாம் எழுப்புகிறோம்.

கேள்வி எழுவதற்குப் பொருத்தமான இடமும் கண்டியே. ஹந்தானைத் தேயிலைத் தோட்டங்களின் அடிவாரத்தில், மகாவலியின் கரையில், பேராதனைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கப்பெற்ற இலங்கைச் சர்வகலாசாலை 1952இல் இங்கு குடியேறியது; 1954 ஏப்ரலில் எடின்பரோக் கோமகன் வந்து அதனைத் திறந்துவைத்தார். அன்று அம்மலையிற் கொழுந்து பறித்தவர்களுட் பெரும்பாலோருக்கு இந்நாட்டிற் குடியுரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் பறித்துவிட்டது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வித் திட்டத்திற்கும் தோட்டப் பாடசாலைகள் புறம்பாகவே நின்றன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1970களிலேதான் தொடங்கியது. குடியுரிமை திரும்பி வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. தோட்டத்து லயத்திலிருந்து அடிவாரத்து விரிவுரை மண்டபத்திற்குச் செல்லும் வழி மட்டும் இன்னும் நீண்டு கிடக்கிறது.

பட்டத்திற்கு வேண்டியவற்றை முதலிற் சொல்லிவிடுவோம். விஞ்ஞான பீடத்தின் மூன்றாண்டுப் பட்டத்திற்கு 90 கிரெடிற்றும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 120 கிரெடிற்றும் பெறவேண்டும். ஒரு கிரெடிற் என்பது, நாட்டின் தகைமைக் கட்டமைப்பின்படி, விரிவுரை, செய்முறை, தானாகப் படித்தல் எல்லாஞ் சேர்ந்து 50 மணி நேர உழைப்பு. அவ்வாறாயின் சிறப்புப் பட்டம் 6000 மணி நேர உழைப்பாகும். பாடங்களிலே சித்தியடைந்தால் மட்டும் போதாது. மொத்தச் சராசரிப் புள்ளி 2.00க்குக் குறையாதிருத்தல் வேண்டும். முதலிரு ஆண்டுகளிற் காட்டும் திறமையைக் கொண்டே சிறப்புப் பட்டத்திற்கு மாணவர் தெரிவு செய்யப்படுவர். பொறியியற் பீடத்துக் கணினிப் பொறியியல் வேறொரு வழி. பொறியியலுக்கு அனுமதி பெற்று, பொதுப் பாடங்களை முடித்த பின்னரே அத்துறையைத் தெரிய முடியும்.

அந்த 6000 மணி நேரத்திலே கற்பது என்ன? கணினியை இயக்கப் பழகுவது அன்று. தட்டச்சும் கடிதம் எழுதுவதும் இணையத்திலே தேடுவதும் ஆறு மாத வகுப்பிற் கற்கக்கூடியவை. அவற்றுக்குப் பட்டம் வேண்டியதில்லை. பட்டப் படிப்பின் உயிர்நாடி கணிதமே. தோட்டத்துச் செக்றோலை எடுத்துக்கொள்வோம். அதில் 1000 பேரின் பெயர்கள் உள்ளன. ஒருவரின் பெயரைத் தேட வேண்டும். பெயர்கள் வந்தபடி எழுதப்பட்டிருந்தால், முதலாம் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, துரதிர்ஷ்டமிருந்தால் ஆயிரத்தையும் பார்த்து முடிக்க நேரும். அகர வரிசைப்படி எழுதப்பட்டிருந்தாலோ, நடுவிலே திறந்து, தேடும் பெயர் முன்னரா பின்னரா என்று கண்டு, பாதியைத் தள்ளிவிடலாம். எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்கலாம். இவ்வாறு பத்தே முறையிற் பெயர் அகப்பட்டுவிடும். பத்து இலட்சம் பெயர்கள் இருந்தாலும் இருபது முறைக்கு மேல் வேண்டியதில்லை. ஆயிரம் எவ்வாறு பத்தாயிற்று, பத்து இலட்சம் எவ்வாறு இருபதாயிற்று என்பதை நிறுவிக் காட்டுவதுதான் கணினி விஞ்ஞானம். செக்றோல் காகிதத்தில் இருந்தாலென்ன, இயந்திரத்தில் இருந்தாலென்ன, விதி ஒன்றே. தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, வலையமைப்பு, தரவுத்தளம் ஆகிய பாடங்கள் யாவும் இத்தகைய சிந்தனையின் மேலே எழுப்பப்பட்டவை.

இயந்திரமே நிரல் எழுதும் காலம் வந்துவிட்டது, இனி இப்பட்டம் எதற்கு என்பாரும் உளர். இயந்திரம் எழுதித் தந்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? தட்டச்சு மட்டும் தெரிந்தவருக்கு வேலை போகலாம். கணிதம் தெரிந்தவருக்கு வேலை கூடும் என்பதே எமது எண்ணம்.

ஆகவே இப்பட்டத்தின் வாசற்படி பல்கலைக்கழகத்தில் இல்லை. உயர்தர வகுப்பில் இருக்கிறது. இணைந்த கணிதம் அங்கே அடிப்படை. பௌதிகமும் இரசாயனம் முதலிய பிறவும் அதனோடு சேரும். கல்விப் பகுதியினர் பாடசாலைகளை வகுத்திருக்கும் முறையை எமது வாசகர்களிற் பலர் அறிவர். உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. பதினோராம் வகுப்போடு நிற்பவை 2ஆம் வகை. ஆரம்பப் பாடசாலைகள் 3ஆம் வகை. தோட்டப் புறத்துப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை கடைசி இரு வகைகளைச் சேர்ந்தவை. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ சாதாரண தரத்தில் கணிதத்திலே அதிவிசேட சித்தி பெற்ற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டிய பாடசாலையிலே இணைந்த கணிதம் இல்லையாயின் அவள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, கண்டி நகருக்கு வந்து விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிப்பது. மற்றது, இருக்கின்ற கலை வகுப்பிலே சேர்ந்துவிடுவது. 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியைக் கொண்டு குடும்பம் நடத்தும் தாய் எதனைத் தெரிவாள் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை முதன்முதலிற் பெருமளவிற் பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் இதே பகுதியில்தான் இருக்கிறது. அத்தேயிலை உலகமெங்கும் சென்றுவிட்டது.

அவள் நகருக்கு வந்து படித்துவிட்டாள் என்றே கொள்வோம். அடுத்த தடை மாவட்டக் கணக்கு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகையின்படியும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம், கல்வியிலே பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியாவும் பதுளையும் அப்பட்டியலில் உள்ளன. கண்டி இல்லை, மாத்தளையும் இல்லை. கண்டியை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். திரித்துவக் கல்லூரியும் தர்மராஜாவும் கிங்ஸ்வூட்டும் மகாமாயாவும் உள்ள மாவட்டம் பின்தங்கியது என்று எவர் சொல்வர்? ஆனால் தெல்தோட்டைப் பிள்ளையும் அக்கல்லூரிகளின் பிள்ளைகளும் ஒரே பட்டியலிலே ஒரே வெட்டுப்புள்ளிக்காகப் போட்டியிட வேண்டியிருக்கிறது. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக இறம்பொடைக்கு ஏறும் பாதையிலே ஓரிடத்தில் மாவட்ட எல்லை கடக்கிறது. எல்லைக்கு இப்பாலும் அதே லயம், அதே கூலி, அதே ஆசிரியர்ப் பஞ்சம். அப்பாலுள்ள பிள்ளைக்குச் சட்டம் ஒரு கை கொடுக்கிறது. இப்பாலுள்ள பிள்ளைக்கு இல்லை.

இதைச் சொல்லும்போது பழைய காயம் ஒன்றும் நினைவுக்கு வராமற் போகாது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. தரப்படுத்தல் என்ற அந்த அநீதியைத் தொடர்ந்து 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்து மாணவர் இழந்ததை நாம் மறக்கவில்லை. எனினும் பங்கீட்டை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லப் போவதில்லை. நுவரெலியாத் தோட்டப் பிள்ளைக்கு இன்று கிடைக்கும் சிறு கதவையும் அது அடைத்துவிடும். பின்தங்கிய பகுதிக்குக் கைகொடுப்பது என்ற கொள்கை சரியானது. மாவட்டம் என்ற அளவுகோல் தவறானது. பிரதேச செயலகப் பிரிவை அலகாகக் கொண்டால், அல்லது பிள்ளை படித்த பாடசாலையின் வகையைக் கணக்கிலெடுத்தால், தெல்தோட்டையும் கண்டி நகரும் ஒன்றென்ற பொய்க்கணக்கு நீங்கும். சிங்களக் கிராமத்துக் கமக்காரரின் பிள்ளைக்கும் இதனால் நன்மையே விளையும் என்பதைத் தென்னிலங்கை அரசியல்வாதிகளும் கவனிப்பார்களாக.

இன்னொரு தடையையும் இங்கே குறிப்பிடுகிறோம். தமிழிலே வகையீடும் தொகையீடும் காவியும் நிகழ்தகவும் கற்று வந்த பிள்ளைக்குப் பேராதனையில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலமாகிவிடுகின்றன. பாடத்திலே கெட்டிக்காரியாயிருந்தும் கேள்வி விளங்காமல் முதலாண்டிலே புள்ளி இழப்பவர் உண்டு. இதற்கு மருந்து, உயர்தர வகுப்பிலேயே கணிதச் சொற்களை இரு மொழியிலும் பழக்குவது. செலவில்லாத காரியம், செய்யத்தான் ஆளில்லை.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டென்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகிறது. முதலாண்டோடு நிற்பவருக்கு டிப்ளோமாவும், இரண்டாமாண்டோடு நிற்பவருக்கு உயர் டிப்ளோமாவும், மூன்றாமாண்டை முடிப்பவருக்குப் பட்டமும் கிடைக்கும். வெட்டுப்புள்ளி என்ற வாள் அங்கில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் பல உள. அவற்றிலே நல்லவையும் இருக்கின்றன. ஆனால் நகையை ஈடு வைத்தோ காணித் துண்டை விற்றோ பணங்கட்டும் முன்னர், பட்டம் வழங்குவது யார் என்று கேளுங்கள். உள்நாட்டு நிறுவனமாயின், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்திற்கே அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டமாயின், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? எழுத்திலே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்திலே பிரித்தானியக் கொடி இருப்பது பதிலாகாது.

கண்டி நகரிலும் பேராதனையிலும் வாழும் தமிழ்ப் பொறியியலாளர், விரிவுரையாளர், கணக்காளர் ஆகியோருக்கும் ஒரு வார்த்தை. உங்களுட் பலர் தோட்டத்திலிருந்தோ கிராமத்திலிருந்தோ படிப்பினால் உயர்ந்தவர்கள். மாதத்தில் இரு சனிக்கிழமைகள் கம்பளைக்கோ கலஹாவுக்கோ சென்று இணைந்த கணிதம் கற்பிக்க முடியாதா? மாணவரின் பேருந்துக் கட்டணத்தை ஊர்க் கமக்காரரும் கடைக்காரரும் ஏற்பார்கள் என்று நாம் நம்புகிறோம். இது அரசாங்கத்தின் கடமையைத் தட்டிக் கழிக்க வழிவிடும் என்ற அச்சம் எமக்கும் உண்டு. ஆனால் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு வருகின்ற பிள்ளை அரசாங்கம் விழித்தெழும் வரை காத்திருக்க முடியாது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்பது எமது பிரதிநிதிகளின் கடமை. கண்டி மாவட்ட உறுப்பினர்கள் பாராளுமன்றத்திலே மூன்று கேள்விகளை எழுத்திலே கேட்பார்களாக. கண்டி நகருக்கு வெளியே, இம்மாவட்டத்தில், தமிழ் மொழி மூலம் இணைந்த கணிதம் கற்பிக்கும் பாடசாலைகள் எத்தனை? அவற்றிலே அப்பாடத்திற்குரிய பட்டதாரி ஆசிரியர் நிரந்தரமாக உள்ளவை எத்தனை? கடந்த ஐந்தாண்டுகளில் அப்பாடசாலைகளிலிருந்து பௌதிக விஞ்ஞானத்திற்கும் பொறியியலுக்கும் அனுமதி பெற்றோர் எத்தனை பேர்? கல்வி மந்திரியார் தரும் விடை எதுவாயினும், அதனை இப்பத்திரிகையின் முதற் பக்கத்திலே பாடசாலைகளின் பெயர்களோடு வெளியிடுவோம்.