31க்கு மண்டபம் இருக்கு, மற்ற 30 நாளுக்கு ஆள்?

நோர்பரியில் எங்கட ஆட்களின் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால், 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு எந்த மண்டபம் என்ற கதை பிள்ளை வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். சாப்பாடு யார், கேக் எத்தனை தட்டு, பலூன் வளைவு என்ன நிறம். காசைப் பற்றி ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள்.

அதே வீட்டில் "ஒரு டூலா வைக்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரரின்ர விளையாட்டு. எங்களுக்கு அம்மா இருக்கிறா." இந்தப் பதிலை நான் குறைந்தது நாலு வீட்டில் கேட்டுவிட்டேன். இந்தப் பதிவு அந்தப் பதிலோடு சண்டை பிடிக்கத்தான்.

முதலில், டூலா என்றால் மருத்துவிச்சி இல்லை. கர்ப்ப காலத்திலேயே வீட்டுக்கு வந்து, எதற்குப் பயப்படுகிறீர்கள், ஆஸ்பத்திரியில் என்ன கேட்கவேண்டும் என்று இருந்து கதைப்பவர். வலி தொடங்கினால் கூடவே நிற்பார். இடுப்பை அழுத்திவிடுவார், தண்ணீர் பருக்குவார்; ஷிப்ட் முடிந்து மருத்துவிச்சி மாறினாலும் இவர் மாறமாட்டார். பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கு வந்து, பால் கொடுக்கத் துணையிருந்து, தாயைப் படுக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வார். தேவையென்றால் சட்டி பானையும் கழுவுவார். பரிசோதனை, மருந்து எதிலும் கை வைக்கமாட்டார். இந்த நாட்டில் மருத்துவிச்சியோ டொக்டரோ அல்லாதவர் பிரசவம் பார்ப்பது சட்டப்படி குற்றம்.

சொல் கிரேக்கம், பணிப்பெண் என்று பொருள். வேலை எங்களுடையது. ஊரில் இதற்குப் பெயரே இருக்கிறது: "பிள்ளைப்பெறு பார்க்கப் போறன்." அம்மம்மா சரக்கு அரைத்துக் கறி வைப்பா, பெரியம்மா வேதுக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பா, சித்தி பிள்ளையை வைத்திருப்பா. தாய்க்கு வேலை தூங்குவதும் பால் கொடுப்பதும்தான்.

அந்த அம்மம்மா இப்போது எங்கே? வவுனியாவில். பெரியம்மா ஸ்காபரோவில், சித்தி பாரிஸில். விசா கிடைத்தால் ஆறு மாதம், கிடைக்காவிட்டால் வட்ஸ்அப். லண்டனிலேயே அம்மா இருந்தாலும் அவ இரவு வேலைக்குப் போகிறா. தகப்பனுக்குச் சட்டப்படி கூடினால் இரண்டு கிழமை லீவு. சொந்தக் கடை வைத்திருப்பவர் என்றால் அந்த லீவுச் சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. "எங்களுக்கு அம்மா இருக்கிறா" என்ற வசனம் 1980ஆம் ஆண்டு ஊருக்குப் பொருந்தும்.

சரி, அம்மா வந்தே விட்டா என்று வைப்போம். பிரசவ அறைக்குள் அவ சொல்லும் முதல் வசனம் பலருக்குத் தெரியும்: "கத்தாதை பிள்ளை, வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்?" அம்மா தன் பயத்தையும் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறா. அது அவவின் பிழை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பயப்படாத ஒருவர் வேண்டும்.

இது என் கற்பனை இல்லை. குவாத்தமாலாவில் செய்த ஆய்வொன்று 1980இலேயே வெளிவந்தது: முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்ததற்கே பிரசவ நேரம் குறைந்தது. 2017இல் கொக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவு, வலி மருந்தும் குறைவு. சிசேரியன் குறைந்தது டூலா நின்ற இடங்களில்தான் கூடத் தெளிவாகத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல், எல்லாப் பெண்களுக்கும் தாங்கள் விரும்பும் ஒரு துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள் பிரசவத் துணையை 2000களிலேயே உள்ளே விடத் தொடங்கிவிட்டன. இதில் வெள்ளைக்காரரின் விளையாட்டு எது?

எனக்கு 13 வயதில், உறவுக்கார அக்கா ஒருவருக்கு மொழிபெயர்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். 'இண்டக்ஷன்' என்றார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது. ஆங்கிலச் சொல்லையே அன்றுதான் முதல் தடவை கேட்டேன். அவவின் உடம்பைப் பற்றிய முடிவு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வாய் வழியாகப் போனது. குடும்பத்தவரை அல்ல, வெளி மொழிபெயர்ப்பாளரையே வைக்கவேண்டும் என்று நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. இதை வாசிக்கும் தங்கச்சிமாரே, உங்களைக் கூப்பிட்டால் "இன்ரபிரெட்டர் கேளுங்கோ" என்று சொல்லுங்கள். டூலாவும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆனால் ஏன் இன்னும் ஒருவரை அழைக்கவில்லை என்று கேட்கச்சொல்லி நினைவூட்டுவார்.

2018 முதல் 2020 வரை இந்த நாட்டில் கர்ப்பத்திலும் பிரசவத்தையொட்டியும் இறந்தவர்களின் கணக்கில், ஆசியப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டூலா இதற்கு மருந்து என்று நான் சொல்லமாட்டேன். இரத்தப்போக்கையும் அழுத்தத்தையும் பார்க்க மருத்துவிச்சிதான் வேண்டும்; டூலாவைக் காட்டி மருத்துவிச்சிகளைக் குறைக்க யாராவது நினைத்தால் அவர்களோடும் சண்டைதான். ஆனால் "எனக்கு ஏதோ சரியில்லை" என்று ஒரு தாய் மெல்லச் சொன்னதை இரண்டாம் தடவை உரக்கச் சொல்லவைக்க ஆள் வேண்டும். 31 முடிந்து, மண்டபத்தைக் கூட்டி, எல்லோரும் போனபிறகும் வேண்டும். அந்தப் படத்தில் சிரித்த தாய் அடுத்த கிழமை தனியே அழுதுகொண்டிருப்பது எங்கள் வீடுகளில் புதிதில்லை. அவவை ஜிபியிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ கூட்டிப்போக வேண்டும். "பெத்தவளுக்கு இதெல்லாம் வரும்" என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

விலை? உண்மைதான், லண்டனில் பிரசவ டூலாவுக்கு ஆயிரம் பவுணைத் தாண்டலாம். உரிமம் கேட்கும் சட்டமும் இல்லை, ஆகவே எங்கே பயின்றார், முன்பு யாருக்கு உதவினார் என்று விசாரியுங்கள். ஆனால் காசில்லாதவர்களுக்கு வழியே இல்லை என்பது பொய். ஹல் நகரில் குட்வின் அறக்கட்டளை உள்ளூர்ப் பெண்களையே பயிற்றித் தன்னார்வ டூலாக்களாக அனுப்பியது. பேர்த் கம்பானியன்ஸ் என்ற அமைப்பு 1996இல் ஹொலவே சிறையில் இருந்த பெண்களுக்காகத் தொடங்கியது. சிறைக்குள் முடிந்தது எங்கள் கோயில்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் முடியாதா? ஒரு வருட இராப்போசனக் காசில் நாலு தமிழ்ப் பெண்களைப் பயிற்றலாம்.

அதுவரை சின்ன வழி ஒன்று. பிள்ளை பிறந்தபின் வரும் டூலாவை மணித்தியாலக் கணக்கிலும் எடுக்கலாம். அடுத்த பேபி ஷவருக்குக் காசு சேர்க்கும் வட்ஸ்அப் குழுவில், ஐந்தாறு பின்னேரங்களுக்கு ஒரு டூலா என்று எழுதிப் போடுங்கள். பலூன் வளைவு இல்லாமல் போட்டோ எப்படி எடுக்கிறது என்று எந்த மாமியாவது கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள். நான் கதைக்கிறேன்.