லத்தீன் பேண்டும் ஒரு வெள்ளை முகமும்

எங்கள் ஆபீஸில் ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் ஒரு கமிட்டி போடுவார்கள். பத்து வருஷம் தப்பித்தேன். போன முறை மாட்டிக்கொண்டேன். "நீதான் பாட்டெல்லாம் நிறையக் கேட்பியே, பேண்டு உன் பொறுப்பு" என்று தலையில் கட்டிவிட்டார்கள். தீம்: லத்தீன் நைட். இடம்: லோனாவாலாவில் ஒரு ரிசார்ட்டின் புல்வெளி.

லத்தீன் என்றால் என்ன என்று மீட்டிங்கில் கேட்டேன். டெஸ்பாசிட்டோ, மக்கரேனா, லம்பாடா என்று பட்டியல் வந்தது. டெஸ்பாசிட்டோ 2017-ல் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் போட்டது. மக்கரேனா ஸ்பெயின் சரக்கு. லம்பாடாவை 1989-ல் பிரேசில் பாட்டு என்று உலகமெல்லாம் விற்றார்கள். மெட்டு பொலிவியாவின் லாஸ் ஹார்க்காஸ் குழுவுடையது, அவர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. நையாண்டி மேளத்தையும் கேரளத்துச் செண்டையையும் ஒரே மூட்டையில் கட்டி 'சவுத் இந்தியன் ம்யூசிக்' என்று ஒருவன் விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். சரி, அது போகட்டும்.

இரண்டு கொட்டேஷன் வந்தன. ஒன்று, ஈவண்ட் ஏஜென்சி அனுப்பியது: மூன்று பேர், மீதி வாத்தியமெல்லாம் லேப்டாப்பிலிருந்து ட்ராக்காக ஓடும். இன்னொன்று, பாந்த்ராவில் இருக்கும் கோவாக்காரர் ஒருவருடைய பேண்டு. வயது எழுபதை நெருங்குகிறது; எல்லோருக்கும் அங்கிள். ஏழு பேர், ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"மூணு பேர் போதாதா அங்கிள்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். முதல் பாரில் மூன்று தட்டு, அடுத்த பாரில் இரண்டு. இதுதான் கிளாவே. நம் கச்சேரியில் கையால் தாளம் போடுகிறோமே, அது மாதிரி. ஆனால் சம இடைவெளியில் விழாது. இந்த ஐந்து தட்டின் மேல்தான் சல்சாவில் எல்லோரும் நிற்கிறார்கள். காங்கா ஒன்று வாசிக்கும், பாங்கோ வேறு ஒன்று, டிம்பாலஸ் மூன்றாவது. பியானோ ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிப் போடும். பேஸ் கிடார் நாம் எதிர்பார்க்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து விழும். அதனால்தான் உட்கார்ந்திருப்பவன் காலும் ஆடுகிறது. மேலே ஒரு ட்ரம்பெட், ஒரு பாட்டுக்காரர். எண்ணிப் பாருங்கள், ஏழு. "சாப்பிடும்போது மெல்லிசாகக் கேட்டால் போதும் என்றால் போசா நோவா வாசிக்கிறேன், மூணு பேர் போதும். ஆட வேண்டும் என்றால் ஏழு" என்றார். இதைவிட நேர்மையான கொட்டேஷனை என் வேலையில் எந்த வெண்டரிடமும் நான் வாங்கியதில்லை.

ஹெச்.ஆர். பெண்மணி ஃபோட்டோக்களைப் பார்த்தார். "வாசிப்பாங்க, சரி. ஆனா லத்தீன் லுக் இல்லையே?" என்றார். எல்லோரும் நம்ம ஊர் முகம். இரண்டு பேருக்குத் தொப்பை, மூன்று பேருக்கு வழுக்கை.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. லத்தீன் தாளம் இந்த ஊருக்கு நேற்று வந்ததில்லை. 1950-ல் வந்த 'சமாதி' என்ற இந்திப் படத்தில் சி. ராம்சந்திரா போட்ட 'கோரே கோரே' பாட்டின் மெட்டு, லண்டனில் பேண்டு நடத்திய எட்மண்டோ ராஸின் பாட்டிலிருந்து வந்தது. அடுத்த வருஷம் வந்த 'அல்பேலா'வில் அவரோடு வேலை செய்த சிக் சாக்லேட் கோவாக்காரர், ட்ரம்பெட் வித்வான். சொந்தப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். பாங்கோவையும் காங்காவையும் இந்தி சினிமாவுக்குள் கொண்டுவந்த காவஸ் லார்ட் பார்சிக்காரர். எழுபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தாளத்தை வாசித்து வரும் ஊரில் நின்றுகொண்டு, முகம் சரியில்லை என்கிறோம்.

இதையெல்லாம் மீட்டிங்கில் சொன்னேனா? சொல்லவில்லை. "அங்கிள், ஒரு ஃபாரின் சிங்கர் கிடைப்பாங்களா?" என்று ஃபோனில் கேட்டவன் நான்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "கிடைப்பாங்க, நாற்பதாயிரம் கூட ஆகும்" என்றார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண். பாட மாட்டார்; முன்னால் நின்று மராக்காஸ் ஆட்டுவார். ஏழு பேருக்கும் தலைக்கு இருபதாயிரம், அந்தப் பெண்ணுக்கு நாற்பது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, லோனாவாலா டிசம்பர் குளிரில் சிரித்துக்கொண்டே நின்றார். தப்பு கேட்டவன் மேல்.

விழா அன்று பேண்டு நான்கு மணிக்கே வந்து சவுண்ட் செக் முடித்துவிட்டது. ஏழரைக்கு மேடை என்று ஒப்பந்தம். அவார்டு, எம்.டி. பேச்சு, அவருக்கு மேலே இருப்பவரின் வீடியோ பேச்சு, மறுபடி அவார்டு. அங்கிள் கையில் ட்ரம்பெட் ஏறும்போது மணி ஒன்பது இருபத்தைந்து. திறந்தவெளியில் ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 2000-லிருந்தே மத்திய அரசின் ஒலி மாசு விதி அது. பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ரிசார்ட் மேனேஜர் வந்து நின்றுவிட்டார். முப்பது நிமிஷம். ஆனால் அந்த முப்பது நிமிஷம், எங்கள் கணக்குத் துறைத் தலைவர் முதற்கொண்டு ஆடினார்.

அதே தலைவர்தான் திங்கட்கிழமை மெயில் போட்டார்: ஒப்பந்தம் ஒன்றரை மணி நேரம், வாசித்தது அரை மணி, ஆகவே மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அட்வான்ஸ் கழித்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு எங்கள் ஊர்க் கல்யாணங்கள் ஞாபகம் வந்தன. முகூர்த்தம் தள்ளிப்போனாலும் நாதஸ்வரக்காரர் காத்திருக்க வேண்டும். கடைசிப் பந்தியில்தான் அவருக்கு இலை. கணக்குத் தீர்க்கும்போது பெண் வீட்டுக்காரரைத் தேடி அவர் மண்டபம் முழுக்க அலைய வேண்டும். சின்ன வயதில் அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த மண்டபத்துப் பெரிய மனிதர் நானே.

இந்த முறை வாயைத் திறந்தேன். நான்கு மணியிலிருந்து உட்கார வைத்தது நாம், பேச்சை நீட்டியது நாம், அவர்கள் விற்றது அந்த மாலை முழுவதையும் என்று எழுதினேன். மூன்று மாதம் இழுத்தார்கள். முழுப் பணமும் போனது. "நன்றி மகனே, பேஸ் கிடார்காரர் பெண்ணுக்கு ஃபீஸ் கட்டணும், அதான் இத்தனை தடவை போன் பண்ணேன்" என்றார் அங்கிள். அவர் மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களில் யாராவது கமிட்டியில் மாட்டினால் (மாட்டுவீர்கள்!) என் அனுபவம் இது:

1. எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எது ட்ராக் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. நேரத்தை வந்து சேரும் மணியிலிருந்து கணக்குப் போட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். தாமதம் நம்முடையது என்றால் பணம் குறையாது என்று ஒரு வரி சேருங்கள்.

3. திறந்தவெளி என்றால் பேண்டு முதலில், பேச்சு பிறகு. பேச்சுக்குப் பத்து மணி ஆனாலும் யாரும் அழப்போவதில்லை :-)

4. பாட்டு உரிமத்தை மறக்காதீர்கள். கல்யாணக் கொண்டாட்டத்துக்கு 1957 காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு, கம்பெனி விழாவுக்குக் கிடையாது. கட்ட வேண்டியது நீங்கள், பேண்டு அல்ல.

5. நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு, மேடை ஏறும் முன்பே.

6. முகம் கேட்காதீர்கள்.

இந்த வருஷமும் கமிட்டியில் என் பெயர் இருக்கிறது. தீம் இன்னும் முடிவாகவில்லை. எதுவானாலும் அங்கிளையே கூப்பிடப் போகிறேன், அந்த ஏழு பேரோடு மட்டும்.