தொட்டிலுக்கும் ஒரு செக்ரோல் வேண்டாமா?

பெரட்டுக் களத்தில் நின்று பழகிய நமக்குக் கணக்கு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியற்காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது எந்த நம்பர் வாளி, எவ்வளவு எடை என்று கிராணியார் எழுதிக்கொள்வார். பாலில் தண்ணி கலந்திருந்தால், கலந்த ஆள் யார் என்று பொழுது உச்சிக்கு வருமுன் தெரிந்துவிடும். பாலுக்கு அவ்வளவு கணக்கு!

அந்த மரத்தை வெட்டப்போன தாயின் பிள்ளை படுத்திருந்த ஏணைக்கு மட்டும் ஒரு கணக்கும் இருந்ததில்லை. இருக்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. பழைய சேலையை உத்தரத்தில் முடிந்தது ஆயாதான். முடிச்சை இழுத்துப் பார்த்ததும் ஆயாதான். துணி நைந்தால் அவரே மாற்றிக் கட்டுவார். செய்தவரும் காவல் இருந்தவரும் ஒரே ஆள்.

இன்று அப்படியா? பேராக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஆயக்கொட்டகை போன இடத்தில் ஸ்பிரிங் தொட்டில் வந்துவிட்டது. யாரோ செய்கிறார்கள், யாரோ கொண்டு வருகிறார்கள், யாரோ விற்கிறார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொட்டில் வாங்க ஈப்போவுக்குக் கூடப் போயிருந்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பேர் இல்லை, தேதி இல்லை, நம்பர் இல்லை. "தம்பி, இது யாரு செஞ்சது?" என்று கேட்டேன்.

"லோரியில வருது அங்கிள். எங்கேருந்து வருதுன்னு தெரியாது."

"ஸ்பிரிங் அறுந்துட்டா?"

"வேற ஸ்பிரிங் வாங்கி மாட்டிக்கலாம், அஞ்சு வெள்ளிதான்!"

ஸ்பிரிங் அஞ்சு வெள்ளி, சரி. பிள்ளை எத்தனை வெள்ளி?

தோழர்களே, அந்தப் பையனைக் குறை சொல்லி லாபமில்லை. அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எழுதி வைக்கவில்லை. ஒரே நாளில் ஒரே கம்பியில் ஆயிரம் ஸ்பிரிங் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பி கெட்டதாக இருந்தால் ஆயிரமும் கெட்டதுதான். முதல் ஸ்பிரிங் அறுந்தவுடனே, மீதி 999 எந்தெந்தக் கடைக்குப் போயின என்று ஏட்டைப் புரட்டிச் சொல்ல முடிந்தால் மற்றப் பிள்ளைகள் பிழைக்கும். ஏடு இல்லாவிட்டால், அடுத்தது எந்த வீட்டில் அறுகிறது என்று காத்திருப்பதுதான் வழி.

அமெரிக்காவில் 1973-இல் தொட்டில்களுக்கென்று விதி கொண்டு வந்தார்கள். பிள்ளையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கம்பிக்குக் கம்பி இடைவெளி 2 3/8 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். அந்த விதிகளோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் சோதனைக் கணக்கையும் விற்ற கணக்கையும் 3 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். தொட்டிலின் மேலேயே செய்தவர் அல்லது விற்பவர் பேர் இருக்க வேண்டும். அப்படியிருந்தும் பக்கச் சட்டம் இறங்கும் தொட்டில்களில் 30-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. பல லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்று, 2011 ஜூன் மாதத்திலிருந்து அந்த வகை விற்பனையையே தடை செய்தார்கள். கணக்கு இருந்த நாட்டிலேயே இந்தப் பாடு என்றால், கணக்கே இல்லாத இடத்தில் நிலைமை என்ன?

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 68-ஆவது பிரிவை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. குறையுள்ள பொருளால் கேடு வந்து, இதைச் செய்தது யார், உனக்குக் கொடுத்தது யார் என்று நியாயமான காலத்துக்குள் நாம் கேட்டு, கடைக்காரர் பதில் சொல்லத் தவறினால், பொறுப்பு அவர் தலையிலேயே விழும். ஆக, ஏடு வைத்துக்கொள்வது கடைக்காரருக்கும் பாதுகாப்புதான். விளையாட்டுப் பொருள்களுக்கு 2009-இல் பாதுகாப்புத் தர விதிகள் வந்தன. பிள்ளை கையில் பிடிக்கும் கிலுகிலுப்பைக்கு உள்ள அக்கறை, அது தூங்கும் தொட்டிலுக்கும் வேண்டும். செய்பவர், இறக்குபவர், விற்பவர் மூவரும் 3 ஆண்டுக்கு ஏடு வைப்பதைக் கட்டாயமாக்கி, அதிகாரிகள் கடை கடையாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

"நம்ம ஆளுங்க சின்னப் பட்டறை வெச்சுப் பொழைக்கிறாங்க. அவங்களுக்கு இது பாரமில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாம் கேட்பது கணினியும் கணக்கப்பிள்ளையும் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். என்றைக்குச் செய்தது, எந்தக் கம்பி, எத்தனை எடை தொங்கவிட்டுப் பார்த்தது, யாருக்கு விற்றது என்று தொட்டிலுக்கு நான்கு வரி. உண்மையாக உழைப்பவனுக்கு அந்த நான்கு வரிதான் சாட்சி.

நம் பங்கும் இருக்கிறது. ரசீது இல்லாமல் தொட்டில் வாங்காதீர்கள். பேரும் நம்பரும் இருந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அக்காள் பிள்ளை படுத்த தொட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போவது நம் வழக்கம். தொட்டில் போகும்போது ரசீதும் கூடப் போகட்டும். பேர் ஊர் தெரியாத பழைய ஸ்பிரிங்கைத் தூக்கி எறியுங்கள். வாங்கிய பொருள் கெட்டுப்போனால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம். காயத்துக்கும் உயிர்ச்சேதத்துக்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது கடுதாசியைத்தான்.

கடுதாசி இல்லாமல் நம் சனம் பட்ட பாடு கொஞ்சமா? பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாளக் கார்டு இல்லாமல் அலைந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். எழுதாத கணக்கின் வலி நமக்குத் தெரியும்.

முதலாளியின் பாலை ஒரு துளி விடாமல் எழுதிக் கொடுத்த சனம் நாம். நம் பிள்ளை தூங்கும் தொட்டிலுக்கு நான்கு வரி கேட்பது பேராசை அல்ல. கேட்போம்!