முக்கோணத்தில் மூன்றாவது ஆள்

மூன்று காந்த அணுக்களை முக்கோணமாக வையுங்கள். பக்கத்து அணுவுக்கு எதிராகத்தான் நிற்பேன் என்று ஒவ்வொன்றும் அடம்பிடிக்கிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பும்? மேல், கீழ் என்று இரண்டே திசை உள்ள இத்தகைய அடுக்கு, சுழியக் கெல்வினிலும் ஒழுங்குக்கு வராது என்று 1950-லேயே வானியர் நிரூபித்தார்.

"இதப் படிச்சி என்னடா ஆகப்போவுது?" என்கிறார், எலுமிச்சை மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைக்கும் அப்பா. நியாயமான கேள்விதான். 1933-ல் கடோலினியம் சல்பேட் என்ற அருமண் உப்பைக் காந்தப்புலத்தில் வைத்து, பிறகு புலத்தை விலக்கியே 1 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்தார் ஜியோக். அணுக்காந்தங்கள் தாமாகவே ஒழுங்காகிவிட்டால் அந்தக் குளிரூட்டல் அங்கேயே நின்றுபோகும். அங்கே கைகொடுப்பது முடிவெடுக்காத முக்கோணந்தான்! அருமண் கலந்த மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. நம் ரெப்ரிஜிரேஷன் பாடம் கம்ப்ரசரோடு முடியலாமா? இந்த உப்புக்கும் ஒரு பாடம் வையுங்கள் என்கிறேன்.