பதிவில் இல்லை என்றால் நடக்கவே இல்லையா?

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அமெரிக்க ராணுவத்தின் கறுப்பின வீரர்களைப் பற்றிப் பேசினேன். பணிப் பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்க்கச் சொல்லி, அவர்களும் அவர்கள் குடும்பங்களும் பல பத்தாண்டுகள் மனுப் போட்ட கதை. முடித்ததும் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் எழுந்தார். "அக்கா, அது ஏகாதிபத்திய ராணுவம். அவங்க பதக்கம் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன? நமக்கு இங்க ஆயிரம் வேலை கிடக்கு." பாதிப் பேர் தலையாட்டினார்கள். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். இது அந்தத் தம்பிக்கான பதில். தலையாட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். வேவர்லி உட்சன். பிலடெல்பியாக்காரர். மருத்துவராகும் கனவோடு படித்துக்கொண்டிருந்தவர், போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கிய 320ஆவது தடுப்பு பலூன் பட்டாலியனில் அவர் மருத்துவ உதவியாளர். கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பிரிவு அது. கரை சேர்வதற்கு முன்பே அவருடைய படகு தாக்கப்பட்டது. சிதறிய இரும்புத் துண்டுகள் அவர் உடம்பில் பாய்ந்தன. அந்தக் காயத்தோடு சுமார் 30 மணி நேரம் அவர் வேலை பார்த்தார். குண்டுகளை அகற்றினார், கட்டுப் போட்டார், நீரில் மூழ்கியவர்களுக்கு மூச்சு வரவழைத்தார். ஏறக்குறைய 200 பேருக்குச் சிகிச்சை அளித்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கரையில் அடிபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

அவருக்குக் கிடைத்தவை பிரான்ஸ் ஸ்டாரும் பர்ப்பிள் ஹார்ட்டும். ஆனால் அவருடைய அதிகாரி அதைவிட உயர்ந்த டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸுக்குப் பரிந்துரைத்தார் என்றும், ஒரு தளபதியின் அலுவலகமோ இவர் அதற்கும் மேலான மெடல் ஆஃப் ஹானருக்கே தகுதியானவர் என்று கருதியது என்றும் அன்றைய அரசுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ட்ரூமன் நூலகத்தில் இருந்த அந்தக் குறிப்பைப் பல ஆண்டுகள் கழித்து லிண்டா ஹெர்வியூ என்ற பத்திரிகையாளர் கண்டெடுத்தார். ஆனால் பரிந்துரைத் தாள் எங்கே? கிடைக்கவில்லை. உட்சனின் பணிக் கோப்பு எங்கே? எரிந்துவிட்டது.

1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. நகல் கிடையாது. நுண்படம் கிடையாது. எவையெல்லாம் எரிந்தன என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டியல்கூடக் கிடையாது. தீ சாதி பார்க்காது, நிறம் பார்க்காது என்பீர்கள். சரி. ஆனால் தீக்குப் பிறகு, "உன்னிடம் ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டவர்கள் யாரிடம் கேட்டார்கள்? அறையில் நெருப்பை வைத்துக்கொண்டிருந்தவர்களிடம் அல்ல. காயம்பட்டவரிடம் கேட்டார்கள்.

உட்சன் 2005இல் இறந்தார். அவர் மனைவி ஜோஆன் விடவில்லை. 2024 ஜூனில், நார்மண்டியின் 80ஆம் ஆண்டில், டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அப்போது அந்த அம்மாவுக்கு 95 வயது. மெடல் ஆஃப் ஹானர் இன்றுவரை இல்லை.

பதிவைத் திருத்தும் முறை எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ராணுவப் பதிவுகள் திருத்த வாரியங்கள் இருக்கின்றன. பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ அவற்றுக்கு அதிகாரம் உண்டு. டிடி-149 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். பிழையைக் கண்டுபிடித்த மூன்று ஆண்டுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரியம் ஒவ்வொரு மனுவையும் ஒரே அனுமானத்தோடுதான் திறக்கிறது: நிர்வாகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். தவறு நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய சுமை மனுதாரர் தலையில். நேரில் வந்து பேசும் உரிமைகூட அவருக்குத் தானாகக் கிடைக்காது.

பர்ப்பிள் ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம். எதிரியின் தாக்குதலால் காயம் ஏற்பட்டது, அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அதிகாரப்பூர்வப் பதிவில் ஏறியது என்று மூன்றையும் காட்ட வேண்டும். உடம்பில் தழும்பு இருக்கிறது. உலோகத் துண்டு எக்ஸ்-ரேயில் தெரிகிறது. ஆனால் அன்று கட்டுப் போட்டவர் எழுதி வைக்கவில்லை என்றால் மனு தள்ளுபடியாகிவிடலாம்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்மூர் அரசு மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நினைவுக்கு வந்தது. களப்பணிக்கு வந்த புதிதில், ஒரு கோயில் திருவிழாவில் அடிவாங்கிய சேரிப் பையன் ஒருவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பணியில் இருந்தவர் அவன் சொன்னதைக் காதில் வாங்காமல், வண்டியிலிருந்து விழுந்ததாக ஒரு வரி எழுதினார். வழக்கு கடைசிவரை அந்த ஒரு வரியைத்தான் சுற்றி வந்தது. முதுகில் தடி பதிந்த தடத்தை ஊரே பார்த்தது. ரிஜிஸ்டர் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள் தம்பி, இது யாரோ ஒரு நாட்டின் பதக்கப் பிரச்சினையா?

பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. இரண்டாம் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட மெடல் ஆஃப் ஹானர்கள் வழங்கப்பட்டன. கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 1993இல் ராணுவமே ஷா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களிடம் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது. அவர்கள் கோப்புகளைத் தோண்டினார்கள். "பரிந்துரை இல்லை, ஆகவே தகுதி இல்லை" என்று அவர்கள் முடித்துவிடவில்லை. பரிந்துரை ஏன் இல்லை என்று கேட்டார்கள். ராணுவத்துக்குள் நிலவிய இனவெறிச் சூழல்தான் காரணம் என்றார்கள். 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்கு அந்தப் பதக்கம் வழங்கப்பட்டது. உயிரோடு வந்து வாங்கியவர் வெர்னான் பேக்கர் ஒருவர்தான். அந்த ஏழு பேரில் ஒருவரான ரூபன் ரிவர்ஸுக்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர் அவருடைய வெள்ளைக்கார கேப்டன் டேவிட் வில்லியம்ஸ். கறுப்பினத்தவருக்காகப் பேசினால் வெள்ளையரின் வார்த்தைகூடக் கோப்பில் நிற்பதில்லை.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. வியட்நாம் போரில் 1965இல் தன் ஆட்களைக் காப்பாற்றிய கேப்டன் பாரிஸ் டேவிஸுக்கான பரிந்துரை ஒருமுறை காணாமல் போனது. மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் காணாமல் போனது. 2023 மார்ச்சில்தான் பதக்கம் வந்தது. ஒருமுறை தொலைந்தால் அலட்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு என்ன பெயர்?

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஏகாதிபத்திய ராணுவத்தின் பதக்கம் நமக்கு எதற்கு?

பதக்கம் வெறும் உலோகம் என்பது வசதியானவர்களின் நினைப்பு. 1945இல் போர் முடிந்தபோது யார் முதலில் வீட்டுக்குப் போகலாம் என்பதை அமெரிக்க ராணுவம் புள்ளி போட்டு முடிவு செய்தது. பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி, வெளிநாட்டில் கழித்த மாதத்துக்கு மேலும் ஒரு புள்ளி, ஒவ்வொரு வீரப் பதக்கத்துக்கும் போர்க்கள நட்சத்திரத்துக்கும் ஐந்து புள்ளி. முதலில் 85 தேவைப்பட்டது. பெரும்பாலான கறுப்பின வீரர்களை மூட்டை தூக்கவும் லாரி ஓட்டவும் சாலை போடவும்தான் வைத்திருந்தார்கள். போர்க்களத்துக்கே விடாதவனுக்குப் போர்க்களப் புள்ளி எங்கிருந்து வரும்?

1946 பிப்ரவரியில் ஐசக் உடார்டு என்ற கறுப்பினப் படைவீரர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே, சீருடையோடு, தெற்கு கரோலினாவில் காவல்துறையால் அடிக்கப்பட்டு இரண்டு கண்களையும் இழந்தார். அடித்த காவல்துறைத் தலைவரை நடுவர் குழு விடுதலை செய்தது. ராணுவத்தில் இனப்பிரிவினையை ஒழிக்க ட்ரூமன் 1948இல் போட்ட ஆணைக்குப் பின்னால் இந்தக் கண்களும் இருக்கின்றன. அந்த மக்கள் கேட்டது பளபளப்பை அல்ல. நாங்களும் குடிமக்கள் என்று அரசே தன் கைப்பட எழுதிக் கொடு என்று கேட்டார்கள்.

இன்னொன்று. பதக்கம் கேட்டு மனுப் போடும் அதே வாரியத்தின் முன்னால்தான் 1917 ஹூஸ்டன் வழக்கும் போனது. இனவெறித் தொல்லைக்குப் பிறகு வெடித்த கலவரத்துக்காக 110 கறுப்பின வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முதல் 13 பேருக்கு மேல்முறையீட்டுக்குக்கூட அவகாசம் தரவில்லை. 2023 நவம்பரில் அந்தத் தண்டனைகள் ரத்து செய்யப்பட்டன. ராணுவத்தை வெறுத்துவிட்டு விலகிப் போயிருந்தால் கலகக்காரர்கள் என்ற பெயர்தான் கல்லில் நின்றிருக்கும். அரசை விமர்சிப்பதும் அதன் பதிவேட்டைத் திருத்துவதும் எதிரெதிர் வேலைகள் அல்ல.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1890களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியபோது, முன்னாள் பட்டாளத்துக்காரரான கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜன்பா காம்ப்ளே மீண்டும் எழுதினார். எங்கள் பாட்டன்கள் உங்கள் படையில் நின்றதை மறந்துவிட்டீர்களா என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் ஐ.நா.விடம் கொடுக்கும் மனுவின் நகலை அதில் கேட்டார். மனு எழுதுவதை அவர் சிறுமையாக நினைக்கவில்லை.

"ஆதாரம் இல்லாமல் கேட்டவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தால் பொய்க்காரர்கள் வரிசையில் நிற்க மாட்டார்களா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆதாரமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உடன் நின்றவரின் சாட்சியம், வீட்டுக்கு எழுதிய கடிதம், அன்றைய பத்திரிகைச் செய்தி, படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பு ஆகியவற்றுக்கும் எடை கொடு என்கிறோம். கோப்பு தொலைந்தது அலுவலகத்தின் கையில் என்றால், சந்தேகத்தின் பலனை மனுதாரருக்குக் கொடு என்கிறோம். முடியாத காரியம் அல்ல. குட் காண்டக்ட் மெடல் விடுபட்ட பல வழக்குகளில் இதே வாரியம், "இவருக்கு எதிராக எதுவும் பதிவாகவில்லை, ஆகவே கொடுக்கலாம்" என்று தீர்த்திருக்கிறது. பதிவின்மையை மனுதாரருக்குச் சாதகமாகப் படிக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

நம்மிடமும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவை 2015 திருத்தத்தோடு எடுத்துப் படியுங்கள். புகாரைப் பதிவு செய்வது, எழுதியதை வாசித்துக் காட்டுவது, நகல் கொடுப்பது எல்லாம் அரசு ஊழியரின் கடமை. பட்டியலினத்தவர் அல்லாத ஊழியர் அதை வேண்டுமென்றே செய்யாவிட்டால் தண்டனை உண்டு. அதாவது, எழுதாமல் விடுவதே குற்றம். எத்தனை காவல் நிலையங்களில் இது நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரி சட்டத்தில் இருக்கிறது. போராடித்தான் வந்தது.

ஆகவே தம்பி, "பதிவில் இல்லை" என்று ஓர் அலுவலகம் சொல்லும்போது அதை பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஏன் இல்லை, யார் எழுதியிருக்க வேண்டும், ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள். மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் ரிஜிஸ்டரில் என்ன எழுதுகிறார்கள் என்று அங்கேயே, அப்போதே வாசித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். உங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போய்வந்த தாத்தா யாராவது இருந்தால், அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கும் தாள்களைப் படம் எடுத்து வையுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

உட்சன் தன் பதக்கத்தைப் பார்க்காமலே போனார். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாத்தாவையும் கூட்டி வாருங்கள். இந்த முறை நான் கடைசிப் பேருந்தைப் பார்க்கப் போவதில்லை.